கராஜ் தரைக்கு ஒரு பொயிலர்

ஒக்டோபர் 6

முப்பத்தொரு வருடம் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் தொழிற்சாலையில், ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் மெஷினின் சூட்டைப் பதிவேட்டில் எழுதிய கை இது. ஓய்வெடுத்து இரண்டு வருடமாகியும் திகதி போட்டு எதையாவது எழுதாவிட்டால் நாள் முடிந்த மாதிரி இல்லை. அதனால் இன்று ஒரு கொப்பி வாங்கி வந்தேன். இது கராஜுக்கான பதிவேடு. சொந்தக் கதை எழுத அல்ல.

விஷயம் இதுதான். ஏஜெக்ஸ் நகரத்தில் இருக்கிற எங்கள் வீட்டு கராஜின் தரை உப்பும் பனியும் பட்டு வெடித்துக் கிடந்தது. போன கிழமை அதை உடைத்துப் புதிதாகக் கொங்கிறீட் போட்டாயிற்று. போடும்போது அடியில் நுரைப் பலகை விரித்து, அதன்மேல் விரல் தடிப்புக் குழாயை வளைத்து வளைத்துத் தரை முழுக்க ஓட விட்டிருக்கிறேன். குழாய்க்குள் சுடுநீர் ஓடினால் தரை இளஞ்சூடாக இருக்கும். இப்போதைக்குக் குழாயின் இரண்டு முனையும் சுவரோரம் மூடி போட்டபடி நிற்கின்றன. தண்ணீரை எது சூடாக்குவது என்பதுதான் இனி எடுக்க வேண்டிய முடிவு.

மனைவி நேசமலருக்குக் குழாய் விஷயம் தெரியாது. தரை போடுகிறேன் என்பது மட்டும் தெரியும். மகள் சாம்பவியின் பிள்ளைப்பேற்றுக்காகச் செப்டெம்பர் இருபதாம் திகதி வன்கூவர் போனாள். நவம்பர் இரண்டாம் திகதி திரும்புகிறாள். அதற்குள் தரை சூடாக வேண்டும். வந்தவள் சப்பாத்தைக் கழற்றி ஒரு காலை வைக்கட்டும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு.

கராஜ் தரை: 13 பாகை.

ஒக்டோபர் 9

ஜெயசீலன் வந்தான். ஐம்பது வயது, பொயிலர், குழாய் வேலைகளில் கைதேர்ந்தவன். ஆனால் எனக்கு அவன் இன்னும் பொடியன்தான், நாட்டிலிருந்து வந்த முதல் கிழமை எங்கள் ஃப்ளாட்டில்தான் படுத்தான்.

தரையைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு விரல் மடித்தான். வீட்டுச் சுடுநீர்த் தொட்டியிலிருந்து எடுக்கலாம், ஆனால் தொட்டி வாடகைக்கு எடுத்தது, கம்பனிக்காரர் கைவைக்க விடமாட்டார்கள். காஸ் பொயிலர் வைக்கலாம், பலமான சூடு, ஆனால் இந்தச் சின்ன இடத்துக்குப் பெரிது, நிமிடத்துக்கொரு தரம் நின்று நின்று ஓடும். கரன்ட் பொயிலர் ஒரு சின்னப் பெட்டிதான், பெரிதாகப் போட்டால் வீட்டு மின்பலகையையே மாற்ற வேண்டி வரும். ஹீட் பம்ப் என்றால் வெளியே விசிறிப் பெட்டி, செலவை மிச்சப்படுத்தும், ஆனால் குளிர் உச்சத்துக்குப் போகும் நாட்களில் களைத்துவிடும்.

"அண்ணை, எதுவெண்டாலும் ஒண்டு சொல்லுங்கோ. கராஜுக்குள்ள கார் மட்டுமோ? இல்லாட்டி ஆள் நிக்கிறதோ?"

"கார்தான்," என்றேன். "இடைக்கிடை மலர் மீன் பொரிப்பா."

"எவ்வளவு நேரம்?"

"சனிக்கிழமையிலை ஒரு ரெண்டு, மூண்டு மணித்தியாலம். விருந்தெண்டால் கொஞ்சம் கூட."

"கதவு பூட்டியோ?"

"புகை போகவேணுமெல்லே. ஒரு அடிக்கு உயத்தி வைப்பம்."

ஜெயசீலன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தான். "தரையைச் சூடாக்கிப்போட்டுக் கதவைத் திறந்து விடுறதோ? ரோட்டுக்கெல்லோ சூடு காட்டப் போறியள். அதோடை, இந்தத் தரை சூடேற ஒரு முழு நாள் எடுக்கும். சனிக்கிழமைப் பொரியலுக்கு வெள்ளிக்கிழமையே தொடங்கவேணும். ஆள் நிக்கிறதெண்டால் காஸ்தான். வேறை ஒண்டும் காணாது."

யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டேன்.

ஒக்டோபர் 12

பேரன் பிறந்தான். மூன்று கிலோ நூற்றைம்பது. தாயும் பிள்ளையும் சுகம்.

கராஜ் தரை: 11.

ஒக்டோபர் 15

மலர் ஏன் கராஜில் பொரிக்கிறாள் என்று ஜெயசீலன் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் யாரும் கேட்க மாட்டார்கள், பாதிப் பேர் வீட்டில் அதே கதைதான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

1998 தை மாதம். இந்த வீடு வாங்கி முதல் குளிர்காலம். ஒரு காலை தொழிற்சாலையில் உடுப்பு மாற்றும் அறைக்குப் போனால் என் பெட்டியின் மேல் ஒரு வாசனைத் தெளிப்பான் டப்பா. புதுசு, ரிப்பன் கட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல்நாள் மலர் சூடை மீன் பொரித்திருந்தாள், என் கோட் அடுப்படிக்குப் பக்கத்தில் கொளுவியிருந்தது. அன்று முழுக்க யார் பக்கத்தில் வந்தாலும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன், மணப்பது நான் என்பதே மறந்துபோய்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் பேசி, பொரியல் வேலை எல்லாம் கராஜில் என்று முடிவெடுத்தோம். ஒரு பழைய கரன்ட் அடுப்பு வாங்கிப் போட்டேன். நல்ல ஏற்பாடு. இருபத்தாறு வருடமாக என் கோட்டில் ஒரு மணமும் இல்லை.

ஒக்டோபர் 27

மலர் ஃபோன் எடுத்தாள். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறாளாம். சாம்பவிக்கு இன்னும் உடம்பு தேறவில்லை. நியாயம்தான்.

"எப்ப வாறீர்?" என்று கேட்டேன்.

"பாப்பம்," என்றாள்.

எனக்கும் வசதிதான். பொயிலருக்கு இன்னும் நாள் கிடைத்திருக்கிறது.

நவம்பர் 10

முதல் பனி. கராஜ் தரை: 4.

கடையில் பாரை மீன் நன்றாக இருந்தது. வாங்கவில்லை, யார் பொரிக்கிறது.

நவம்பர் 17

சாம்பவி வீடியோவில் பேரனைக் காட்டினாள். பின்னால் குசினியில் மலர் நிற்கிறாள். சட்டியில் ஏதோ பொரிகிற சத்தம்.

"அம்மா வீட்டுக்குள்ளயோ பொரிக்கிறா?" என்றேன்.

"ஓம் அப்பா, வேறை எங்கை பொரிக்கிறது? இது பதினொராம் மாடி. எங்களிட்டை கராஜே இல்லை."

"மணக்காதோ?"

"மணக்கும்தான். மீனெல்லோ." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மான்ரை கால் இப்ப கொஞ்சம் பரவாயில்லை அப்பா. ரெண்டு விரலும் இன்னும் மரத்துப்போய்த்தான் கிடக்கு, ஆனா இரவிலை நோவெண்டு எழும்புறேல்லை" என்றாள்.

கால்விரல் மரத்துப்போவது இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான். எனக்குத் தோள்மூட்டு.

ஜெயசீலனுக்கு ஃபோன் அடித்து, காஸ் பொயிலரே போடலாம் என்று சொல்லிவிட்டேன். டிசெம்பர் பதினேழில் வருகிறான்.

நவம்பர் 24

இன்று கராஜைக் கூட்டித் துடைத்தேன். பழைய அடுப்பைத் தள்ளும்போது பின்னால் ஒரு சீட்டு கிடந்தது, இஸ்பேட் ராஜா. எத்தனை வருடம் தேடியிருப்போம் அதை!

தொண்ணூறுகளின் கடைசி, இரண்டாயிரத்தின் தொடக்கம். அவைதான் எங்கள் காலம். சனிக்கிழமை மத்தியானம் நாலைந்து குடும்பம் வந்து இறங்கும். வீட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள், எல்லோரும் கராஜுக்குள்தான். உள்பக்கத்தில் மடக்கு மேசை, முந்நூற்றிநாலு விளையாட்டு. ஜாக்கெட், தொப்பி, கையுறை எல்லாம் போட்டபடி சீட்டுப் பிடிப்போம். கையுறையோடு சீட்டுப் பிரிக்கத் தெரியாதவனை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. பிள்ளைகள் டீப் ஃப்ரீசரின் மூடிமேல் ஏறி இருந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். கார் டிக்கியைத் திறந்து வைத்தால் அதுதான் எங்கள் சாப்பாட்டு மேசை. பேசுகிறவர் வாயிலிருந்தெல்லாம் புகை. சட்டியிலிருந்து சுடச்சுட மீன் துண்டு வரும், ஊதி ஊதி வாயில் போட்டுக்கொண்டு துருப்புக் கேட்போம். ஒரு பங்குனியில் நண்டுக் கறி வைத்த அன்று, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பனி அள்ளுகிற சவளோடு வந்து நின்று, மூன்று நண்டு சாப்பிட்டுவிட்டு, பனி அள்ளாமலே திரும்பிப் போனார்.

அந்தக் குடும்பங்களில் இரண்டு இப்போது பிரம்டனில், ஒன்று லண்டனில். ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் தரை சூடாகிவிட்டால் மிச்சப் பேரையாவது கூப்பிடலாம். மலரும் முந்தி மாதிரிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். சரியாக ஞாபகம் வரவில்லை. சத்தம்தான் வருகிறது, முகம் வரவில்லை.

டிசெம்பர் 8

இன்று சொல்லிவிட்டேன். வரும்வரை பொத்தி வைக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் தை பிறந்த பிறகும் வருவாளோ தெரியாது என்று சாம்பவி வாய்தவறிச் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. மலரைக் கூப்பிடச் சொல்லி, முழுக்கச் சொன்னேன். குழாய், நுரைப் பலகை, காஸ் பொயிலர், பதினேழாம் திகதி, எல்லாம்.

"இனி உமக்குக் கால் குளிராது மலர். வெறுங்காலோடை நிண்டு பொரிக்கலாம்."

பேரன் அழுகிற சத்தம் கேட்டது.

"இஞ்சாருங்கோ," என்றாள். "நீங்கள் இவ்வளவு வேலையும் எனக்காகவோ செய்தனீங்கள்?"

"பின்னை?"

"அப்ப நான் வந்தும் அங்கைதான் நிக்கவேணும், என்ன?"

எனக்கு விளங்கவில்லை. அதுதான் சூடாக இருக்குமே என்றேன்.

"இருபத்தாறு வருசம் நிண்டிட்டன். குளிருக்கை நிண்டன். ஒருநாள், ஒரேயொரு நாள், 'இண்டைக்கு உள்ள வைச்சுப் பொரியும்' எண்டு நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தன். இப்ப தரையைச் சூடாக்கிப்போட்டு வா எண்டுறியள். சூடெண்டாலும் அது வெளியிலைதானே?"

"நாங்கள் ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவுதானே அது."

"ஆர் பேசினது? நான் பிள்ளையைக் குளிக்க வார்த்துப்போட்டு வந்து பாக்கேக்கை அடுப்பு கராஜுக்குள்ள இருந்தது. நீங்கள் கை கழுவிக்கொண்டு நிண்டியள்."

பிள்ளைக்குப் பால் நேரம் என்று வைத்துவிட்டாள்.

டிசெம்பர் 9

நல்லது செய்யப் போனாலும் குற்றம்.

டிசெம்பர் 11

ஜெயசீலனுக்கு அடித்து, பதினேழாம் திகதி வேண்டாம், பிறகு சொல்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்டான். தோள்மூட்டு என்று சொன்னேன்.

கராஜ் தரை பார்க்கவில்லை.

டிசெம்பர் 21

சனிக்கிழமை. வெளியே சைபருக்குக் கீழே பதினாறு.

காலையில் ஒரு பிடிவாதம் வந்தது. மலர் சொல்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது, நானே நின்று காட்டுகிறேன் என்று விளைமீன் வாங்கிவந்தேன். மஞ்சளும் தூளும் உப்பும் பிரட்டி, கராஜ் அடுப்பில் சட்டியை வைத்தேன். இரண்டு சோடி காலுறை, பனிச்சப்பாத்து, ஜாக்கெட். கதவை ஒரு அடி உயர்த்தினேன், வழக்கப்படி.

எண்ணெய் சூடேறவே இருபது நிமிடம். அந்தக் கதவிடுக்கால் வருகிற காற்று உடம்புக்கு வருவதே இல்லை, நேரே தரையோடு வந்து காலில்தான் பிடிக்கிறது. இருபத்தாறு வருடம் அந்தக் கதவை நான்தான் உயர்த்திவிட்டேன், ஒருநாளும் அதன் முன்னால் நிற்கவில்லை. சீட்டு மேசை உள்பக்கச் சுவரோடு, ஹீட்டருக்குக் கிட்ட. ஆம், ஒரு சின்ன ஹீட்டர் இருந்தது. அது எங்கள் காலடியில் இருந்தது.

இன்னொன்று. அடுப்படியில் நின்றால் முகம் சுவரைப் பார்க்கத்தான் இருக்கும். மேசை முதுகுக்குப் பின்னால். மேசையில் என்ன நடக்கிறதென்று பார்க்க வேண்டுமென்றால் முழுக்கத் திரும்ப வேண்டும், திரும்பினால் மீன் கருகும். அதனால்தான் எனக்கு அவள் முகம் ஞாபகம் வரவில்லை. அந்த நாட்கள் முழுக்க எனக்குத் தெரிந்தது அவள் முதுகு. நீல ஜாக்கெட், மேலே கட்டிய கம்பளிச் சால்வை. அவள் எங்களோடு இருந்து ஒரு துண்டு மீன் தின்றதாக எவ்வளவு யோசித்தும் ஞாபகமில்லை.

நாற்பத்தைந்து நிமிடத்தில் எனக்குக் கால்விரல் தெரியவில்லை. பாதி மீனோடு அடுப்பை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன்.

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை. என் வாழ்க்கையின் நல்ல காலம் என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது, அவள் கால்மரத்து நின்ற காலம். அந்த டப்பாவை என் பெட்டியின்மேல் வைத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் துணிவில்லாமல், வீட்டுக்கு வந்து அவளை வெளியே விட்டிருக்கிறேன்.

டிசெம்பர் 25

சாம்பவி எடுத்தாள். மலர் பேரனைக் குளிக்க வார்க்கிறாளாம். "ஏதும் சொல்லவேணுமோ அப்பா?" என்றாள்.

இல்லை என்றேன். இருந்தது. ஆனால் அது மகளிடம் சொல்லி அனுப்புகிற விஷயம் இல்லை.

ஜனவரி 4

ஜெயசீலனை வரச் சொன்னேன். கராஜுக்குப் போகப் புறப்பட்டவனை மறித்துக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"இந்த அடுப்புக்கு மேலை புகை இழுக்கிற விசிறி ஒண்டு வேணும். நல்ல பலமானது. சுவரைத் துளைச்சு வெளியாலை விடலாமோ?"

"விடலாம். ஏன் அண்ணை, கராஜ்ப் பொரியல்?"

"இனி ஆரும் அங்கை பொரிக்கேல்லை."

சுவரைத் தட்டிப் பார்த்தான். பிறகு, "அப்ப தரைக்கு?" என்றான்.

"நீதான் சொல்லு."

"ஆள் நிக்காட்டிக் கதை சுகம் அண்ணை. கதவு பூட்டியிருக்கும். அஞ்சு பாகை காணும், காரிலை கிடக்கிற பனி கரைஞ்சு போகும். காஸ் தேவையில்லை, புகைக்குழாய் தேவையில்லை. இருக்கிறதிலை சின்னக் கரன்ட் பொயிலர் ஒண்டு. இப்ப இருக்கிற மின்பலகையே தாங்கும்."

மூன்று மாதம் தலையை உடைத்த கேள்வி மூன்று நிமிடத்தில் முடிந்தது. விசிறி வர இரண்டு கிழமை எடுக்கும், பொயிலர் அதற்குப் பிறகு. முதலில் விசிறி என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி 8

விசிறி வரும்வரை காத்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் அது வந்த பிறகு பொரித்தால் அதில் என்ன இருக்கிறது?

மத்தியானம் சூடை மீன் வாங்கிவந்து குசினி அடுப்பில் பொரித்தேன். எண்ணெய் பட்ட உடனே மணம் மேல்மாடிவரை போனது. கருக்கிவிட்டேன், நாலு துண்டு தேறும். தட்டை எடுத்துக்கொண்டு சோபாவில் இருந்து தின்றேன். பிறகு வன்கூவருக்கு அடித்தேன். மலரே எடுத்தாள்.

"மலர், நான் மீன் பொரிச்சனான்."

"இந்தக் குளிருக்கையோ? கராஜுக்குள்ளையோ?"

"குசினியுக்கை."

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் ஓடிய சத்தம் நின்றது.

"என்ன மீன்?" என்றாள் கடைசியில்.

"சூடை."

"குடல் எடுத்தனீங்களோ?"

"எடுத்தனான். நாலஞ்சிலை விட்டிட்டன் போலை, கைக்குது."

"அடுப்பைக் குறைச்சு விட்டனீங்களோ?"

"இல்லை. கருகிப்போச்சு."

"கருகும். சூடைக்கு நெருப்புக் கூடாது." பிறகு, "ஜன்னல் திறந்தனீங்களோ?" என்றாள்.

"இல்லை."

"ஏன்?"

"மணக்கட்டும். நான் செய்தது பிழை மலர். அந்த அடுப்பை நான் வெளியிலை கொண்டுபோய் வைச்சது பிழை. உம்மட்டைக் கேக்காமல் வைச்சன், ஒருநாளும் திரும்பிப் பாக்கேல்லை. தரைக்குச் சின்னப் பொயிலர் ஒண்டு போடுறன், அது காருக்கு. நீர் வந்தால் உள்ளைதான் நிக்கிறது. வராட்டியும் அந்த அடுப்பு இனி அங்கை இராது."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தடிமனோ என்று கேட்கவில்லை, கேட்கிற அளவுக்கு மடையன் இல்லை நான்.

"சூடை பொரிச்ச மணம் லேசிலை போகாது, தெரியுமோ?" என்றாள். "நாலு நாளைக்கு நிக்கும். கோட்டிலை, ஜன்னல் கேட்டினிலை, எல்லாத்திலையும் பிடிச்சிருக்கும்."

"நிக்கட்டும்."

"ஜன்னலைத் திறக்காதேங்கோ," என்றாள். "அது போக முதல் நான் வந்திடுறன்."

ஜனவரி 9

ஞாயிறு பின்னேரம் ஐந்தேகாலுக்கு விமானம் இறங்குகிறது. வெளியே கொஞ்சம் வெயில், ஜன்னல் திறக்கவில்லை.